மான் ஏன் கேமரா முன்னால் வரும்?

காட்டில் மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை வாங்கியவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மானை எப்படி வரவழைப்பது?" பதில்களுக்குப் பஞ்சமே இல்லை. உப்புக்கட்டி வை, சோளம் தூவு, மணத்திரவம் தெளி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மூச்சு வாங்க மலையேறிப் போய் மெமரி கார்டைப் பார்த்தால் 3,000 படம் இருக்கும். அத்தனையிலும் காற்றில் ஆடும் புல். என்னுடைய முதல் கார்டு அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும், ஓரத்தில், ஒரு மானின் பின்னங்கால்.

அந்தப் பின்னங்காலைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மான் வந்திருக்கிறது, கேமராதான் கோட்டை விட்டிருக்கிறது. "வரவழைப்பது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மான் அந்த வழியாகப் போகிறதா என்பது ஒன்று. போகிற மான் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டா என்பது இன்னொன்று. நின்ற மானைக் கேமரா உணர்கிறதா என்பது மூன்றாவது. பேச்செல்லாம் நடுவில் உள்ளதைச் சுற்றியே ஓடுகிறது. என் கணக்கில் அதற்குத்தான் பங்கு குறைவு.

## மாடிப்படியில் நில்லுங்கள்

நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. அங்கே குடியிருக்கும் ஒருவரைப் பார்க்க வேண்டும், ஆனால் எந்த வீடு என்று தெரியாது. என்ன செய்வீர்கள்? மொட்டைமாடியில் பரிசுப் பொருளை வைத்துவிட்டு அவர் வருவார் என்று காத்திருக்க மாட்டீர்கள். மாடிப்படிக்குக் கீழே நின்றால் போதும், அன்றைக்கே ஆளைப் பிடித்துவிடலாம்.

மலைக்கும் மாடிப்படி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தோன்றும் சரிவில், மான் தேர்ந்தெடுக்கும் வழிகள் சிலதான். செங்குத்தாக ஏறுவது உடம்புக்குச் செலவு. அதனால் அது சரிவின் குறுக்கே, உயரம் அதிகம் மாறாமல் நடக்கும். மலையின் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கணவாயைத் தேடும். கணவாய் என்பது இரண்டு சிகரங்களுக்கு நடுவே முகடு தாழ்ந்து கிடக்கும் இடம். பெரிய சரிவின் நடுவே திண்ணை போட்டதுபோலச் சில இடங்கள் தட்டையாக ஓடும். அங்கேயும் தடம் இருக்கும். இவற்றையெல்லாம்விட நல்லது இடுக்கு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஆழமான ஓடை, நடுவில் பத்தடி அகலத்துக்கு மட்டுமே வழி என்று இருந்தால், அந்தப் பள்ளத்தாக்கில் நடமாடும் மான்களில் பெரும்பாலானவை என்றாவது ஒருநாள் அதன் வழியாகப் போகும்.

வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு போனாலும், நேரில் தரையைப் பார்க்காமல் கேமராவைக் கட்டக் கூடாது. பிளந்த குளம்புத் தடம், புழுக்கை, கொம்பு உரசி உரிந்த மரப்பட்டை, தாழ்ந்த கிளையில் சிக்கிய ரோமம் ஆகியவைதான் சாட்சி. புழுக்கை கறுத்து ஈரமாக இருந்தால் புதிது. வெளிறி உதிர்ந்தால் பழசு. ஒற்றையடிப் பாதை மனிதருடையதா மானுடையதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்ன வழி இருக்கிறது. அந்தப் பாதை ஓர் ஆள் குனியாமல் போக முடியாத கிளைக்கு அடியில் நுழைந்து போகிறதா என்று பாருங்கள். மனிதர் என்றால் சுற்றிக்கொண்டு போயிருப்பார்.

அடுத்தது பருவம். மலை மான்கள் பல இடங்களில் கோடையில் மேலே ஏறி, பனிக்காலத்தில் கீழே இறங்குகின்றன. பனி உருக உருகத் தளிர் கீழிருந்து மேலாக முளைத்துக்கொண்டே போகும். அந்தப் பச்சையைப் பின்தொடர்ந்து மானும் ஏறும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மியூல் மான்கள் ரெட் டெசர்ட் பகுதியிலிருந்து ஹோபேக் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர் இப்படி நடக்கின்றன. ஜூலையில் கூட்டம் கூட்டமாகப் படம் தந்த இடம் டிசம்பரில் வெறிச்சோடிக் கிடந்தால், உப்பு தீர்ந்துவிட்டது என்று புது உப்பு வைத்து என்ன பயன்? மான் அந்த மலையிலேயே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், முதல் வேலை மானை இழுப்பது இல்லை. மான் ஏற்கெனவே தினமும் போகும் வழியைக் கண்டுபிடிப்பது. அது சரியாக அமைந்தால், கீழே வரும் உப்பும் மணமும் இல்லாமலேகூட வேலை முடிந்துவிடும்.

## உப்புக்கு ஏன் அத்தனை இழுப்பு?

உப்பு வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏன், எப்போது என்று தெரியாமல் வைப்பதால்தான் பாதி உப்பு வீணாகிறது.

நரம்பு வேலை செய்யவும் உடம்பில் நீர் அளவாக இருக்கவும் சோடியம் வேண்டும். சமையல் உப்பின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். புலி, சிறுத்தை போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை; இரையின் ரத்தத்திலும் இறைச்சியிலும் சோடியம் தாராளமாக இருக்கிறது. இலைதழை தின்னும் விலங்குக்குத்தான் சிக்கல். பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையே இல்லை, அதனால் அவை அதைச் சேர்த்து வைப்பதும் இல்லை. அவற்றில் நிறைந்திருப்பது பொட்டாசியம்.

மலையில் இந்தக் குறை இன்னும் கூடும். கடலோரத்தில் உப்புக்காற்று மண்ணில் கொஞ்சம் சோடியத்தைக் கொண்டுவந்து போடும். கடலைவிட்டுத் தூரத்தில் இருக்கும் மலைக்கு அந்த வரவு குறைவு. செலவோ அதிகம்: மழையும் பனியுருகிய நீரும் மண்ணில் இருப்பதையும் அரித்துக் கீழே கொண்டுபோய்விடும்.

இப்போது வசந்தகாலத் தளிரை நினைத்துப் பாருங்கள். நீரும் பொட்டாசியமும் நிறைந்த இளம் இலை. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த மான் அதை வயிறு முட்டத் தின்கிறது. மிஞ்சிய பொட்டாசியத்தையும் நீரையும் உடம்பு வெளியேற்றும்போது, கையிருப்பில் இருந்த சோடியமும் கூடவே போய்விடுகிறது. அதே சமயத்தில்தான் பெண்மான் குட்டிக்குப் பாலூட்டுகிறது. ஆண்மானுக்குக் கொம்பு வளர்கிறது. வரவு குறைந்து செலவு ஏறும் மாதங்கள் இவை. மான் உப்பைத் தேடி அலைவது வசந்தத்திலும் முன்கோடையிலும் உச்சத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். இலையுதிர்காலக் கடைசியில் அதே உப்புக்கட்டியை மான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். உப்பு மாறவில்லை, உடம்பின் தேவை மாறிவிட்டது.

மான்கள் இயற்கையாகவே தேடிப்போகும் உவர்மண் இடங்கள் காட்டில் உண்டு. ஊற்று கசியும் சரிவு, வெளிறிய களிமண் திட்டு போன்ற இடங்களில் மண்ணை நக்கியும் கடித்தும் குழியாக்கி வைத்திருக்கும். பல திசைகளிலிருந்து தடங்கள் வந்து சேரும் இடமாக அது இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதுதான் புதையல்; நீங்கள் எதையும் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை.

உப்பின் இழுப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு கிளைக்கதை. அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மலை ஆடுகள் பெருகியிருந்தன. அங்கே இயற்கையான உவர்மண் கிடைக்காததால் மலையேறுபவர்களின் வியர்வைக்கும் சிறுநீருக்கும் அவை பழகிப்போயின. 2010-இல் ஓர் ஆடு முட்டி ஒருவர் இறந்தும் போனார். 2018 முதல் 2020 வரை 300-க்கும் மேற்பட்ட ஆடுகளை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டுபோய், அவற்றின் சொந்த இடமான வட கேஸ்கேட் மலைகளில் விட்டார்கள்.

அப்புறம், "கொம்பு பெரிதாக வளரும்" என்று பளபளப்பான பையில் விற்கும் தாதுக்கலவை. கொம்புக்குக் கால்சியமும் பாஸ்பரசும் தேவை என்பது சரி. கொம்பு வேகமாக வளரும்போது மான் தன் எலும்புகளிலிருந்தே அவற்றைக் கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் மானை அந்தக் கலவைக்கு இழுப்பது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சாதாரண உப்புதான். பை மேல் இருக்கும் படத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

## தீனி

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சோளமோ வேறு தானியமோ மலைக்காட்டில் கொட்டாதீர்கள். மான் அசைபோடும் விலங்கு. அது தின்பதைச் செரிப்பது வயிற்றின் முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள். அந்த நுண்ணுயிர்கள் பருவத்துக்கேற்ற தீனிக்கு மெதுவாகப் பழகும். குளிர்காலக் குச்சிக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து வந்து குவிந்தால் அமிலம் பெருகும். வயிறு நிறைந்தபடியே மான் செத்துக் கிடப்பது இப்படித்தான் நடக்கிறது. போதாததற்கு, தானியக் குவியல் கரடியையும் காட்டுப்பன்றியையும் கூப்பிடும். கேமராவைக் கடித்துப் பார்க்கும் பழக்கம் கரடிக்கு உண்டு.

## மணமும் மலையின் மூச்சும்

மானுக்கு மூக்குதான் செய்தித்தாள். கண்ணோரச் சுரப்பி, நெற்றி, குளம்பிடுக்கு என்று உடம்பில் பல இடங்களில் மணச் சுரப்பிகள் உண்டு. வெள்ளைவால் மான்களில் ஆண், இணைசேரும் காலத்தில் தரையைக் குளம்பால் பறித்து அதில் சிறுநீர் விடும். அதற்கு நேர்மேலே தொங்கும் கிளையை நக்கி, முகத்தைத் தேய்த்து வைக்கும். பின்னால் வரும் மான்கள் நின்று, முகர்ந்து, தாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். கேமராவுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது, ஏனென்றால் மான் சில விநாடிகள் அசையாமல் நிற்கிறது. மான் குடும்பத்தில் எல்லா இனமும் இப்படியே செய்யும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காட்டில் எந்த மான் இருக்கிறதோ அதன் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் மணத்திரவங்கள் பெரும்பாலும் இந்தச் செய்தியைப் போலியாக எழுதும் முயற்சி. சில சமயம் மான் எட்டிப் பார்க்கும். அது ஆர்வம், தேவை கிடையாது. உப்புக்குத் திரும்பத் திரும்ப வருவதுபோல இதற்கு வராது.

உங்கள் சொந்த மணம் அதைவிட முக்கியம். இங்கேதான் மலை தன் வேலையைக் காட்டும். காலையில் வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும், சூடான காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் வழிவதுபோலப் பள்ளத்தாக்கில் இறங்கும். இதைத்தான் மலையின் மூச்சு என்கிறேன். பகலில் மேல்நோக்கி, மாலையில் கீழ்நோக்கி. மாலை நேரத்தில் முகட்டில் நின்று கேமராவை நோண்டிக்கொண்டிருந்தால், கீழே மேய்ச்சலுக்கு எழும் மான்களுக்கெல்லாம் தபால் அனுப்பியாயிற்று என்று அர்த்தம். மான் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். ஆகவே நடுப்பகலில் போய், மான் படுத்திருக்கும் பக்கத்துக்கு உங்கள் காற்று போகாதபடி வேலையை முடித்துத் திரும்புவது நல்லது. அடிக்கடி போகாமலிருப்பது அதைவிட நல்லது.

சுருக்கமாக: உடம்பின் குறையைத் தீர்க்கும் பொருள் மானை மீண்டும் மீண்டும் கொண்டுவரும், மணம் ஓரிரு தடவை நிறுத்தும், மனித மணம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

## கேமரா எதைப் பார்க்கிறது?

1890-களில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கர் இரவில் மானைப் படம்பிடிக்கக் கம்பி கட்டிவைத்தார். மான் கம்பியை இடறினால் பளிச்சென்று வெளிச்சம் வெடித்துப் படம் பதிவாகும். 1906-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய காட்டுவிலங்குப் படங்கள் 74-ஐ ஒரே இதழில் வெளியிட்டது. இன்றைய கேமராவிலும் அப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேமரா எதையும் நீட்டவில்லை. அது வெறுமனே வெப்பத்தைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அகச்சிவப்பு என்பது சிவப்புக்கு அப்பால் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. கேமராவுக்குள் இருக்கும் உணரியில் இரண்டு சிறிய தகடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவற்றை ஒரு தராசின் இரண்டு தட்டுகள் என்று நினையுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு வெப்பம் ஏறினால் முள் அசையாது. மேகம் விலகிக் காடே சூடானாலும் கேமரா சும்மா இருக்கும். ஒரு தட்டில் முதலில் ஏறி, பிறகு மற்றதில் ஏறினால்தான் முள் ஆடும், கேமரா விழித்துக்கொள்ளும். உணரிக்கு முன்னால் இருக்கும் பால்நிற பிளாஸ்டிக், எதிரில் உள்ள வெளியைப் பல கூறுகளாகப் பிரித்து அந்தத் தட்டுகளில் மாற்றி மாற்றி விழ வைக்கிறது.

இந்த ஒன்று பிடிபட்டால், மீதி எல்லாம் தானாகப் புரியும். பாதையின் குறுக்கே நடக்கும் மான் கூறு கூறாகத் தாண்டுகிறது. முள் நன்றாக ஆடும். நேராகக் கேமராவை நோக்கி வரும் மான் ஒரே கூறுக்குள் பெரிதாகிக்கொண்டே வருகிறது; முள் லேசாகத்தான் அசையும். அப்படியானால் பாதைக்குச் செங்குத்தாகக் கட்டிவிடலாமே என்றால், மான் விறுவிறுவென்று கடந்து போய்விடும், கேமரா விழிப்பதற்குள் பின்னங்கால்தான் மிஞ்சும். அதனால்தான் பாதைக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் கட்டுவார்கள். மானின் நெஞ்சு உயரம், பாதையிலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு.

ஆடும் புல்லின் ரகசியமும் இதுதான். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடும்போது, ஒரு சூடான பொருள் கூறுகளைத் தாண்டுகிறது என்றே உணரிக்குத் தோன்றும். கட்டியவுடன் எதிரே இருக்கும் புல்லையும் சிறு கிளையையும் ஒதுக்கிவிட்டால் என்னைப்போல 3,000 படம் பார்க்க நேராது. இதன் மறுபக்கமும் உண்டு. கொளுத்தும் மதியத்தில் மானின் ரோமத்துக்கும் பின்னால் இருக்கும் பாறைக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. மான் முன்னால் நின்றாலும் தராசு அசையாமல் போகலாம். நிழலான பின்னணியைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

இரவில் கேமரா தன் சொந்த அகச்சிவப்பு விளக்கைப் போடும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் வரை எட்டும், ஆனால் மங்கிய சிவப்புப் புள்ளியாக வெளியே தெரியும். 940 நானோமீட்டர் விளக்கில் அது தெரியாது, எட்டும் தூரமும் குறையும். மானின் கண் சிவப்பில் மந்தம், நீலத்தில் கூர்மை. இருந்தும் சில மான்கள் கேமராவை உற்றுப் பார்ப்பதைப் படங்களில் காணலாம். பகலுக்கும் இரவுக்கும் மாறும்போது கேமராவுக்குள் ஒளி வடிகட்டி நகரும் மெல்லிய "டிக்" சத்தமும் அவற்றுக்குக் கேட்கும்.

## வரவழைப்பதற்கும் ஒரு விலை

உப்பு வைப்பதைப் பற்றி எனக்கு வரவர உற்சாகம் குறைந்துவிட்டதற்குக் காரணம் நோய். நாட்பட்ட மெலிவு நோய் என்று ஒன்று மான் குடும்பத்தைத் தாக்குகிறது. 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மியூல் மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. இதற்குக் காரணம் கிருமி இல்லை, பிரியான். அதாவது தவறாக மடிந்து, மற்றப் புரதங்களையும் அப்படியே மடிய வைக்கும் ஒரு புரதம். மருந்து கிடையாது, பிடித்தால் சாவுதான். எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பல மான்கள் ஒரே கட்டியை மாறி மாறி நக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான்கள் நக்கும் உப்பிடங்களின் மண்ணிலேயே இந்தப் பிரியானைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நார்வேயில் 2016-இல் காட்டு ரெய்ண்டீரில் இந்த நோய் தெரிந்ததும், நூர்ட்ஃபியெல்லா பகுதியில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட ரெய்ண்டீர்களை அடியோடு அழித்தார்கள். இதனால்தான் பல இடங்களில் உப்பும் தீனியும் வைப்பதற்கு, சில இடங்களில் மான் சிறுநீர் கலந்த மணத்திரவத்துக்கும்கூட, தடை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் கேமரா கட்டுவதற்கே அனுமதி தேவைப்படலாம். போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். உப்பிடத்தில் எடுத்த 200 படங்கள் 200 மான்கள் ஆகாது. அதே நான்கைந்து மான்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். காட்டில் மான் நிறைய என்று நினைத்துக்கொள்வோம், பெருகியிருப்பது உப்பை நக்கிய தடவைகள் மட்டும்தான்.

## கட்டிவிட்டு வரும்போது

தூர மலையில் கேமரா மாதக்கணக்கில் தனியாகக் கிடக்கும். குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி உறைகுளிரிலும் தாங்கும், விலை கூடினாலும் இன்னொரு மலையேற்றத்தை மிச்சப்படுத்தும். பனி கொட்டும் இடமென்றால் நெஞ்சு உயரக் கணக்கு செல்லாது. பனி எவ்வளவு உயரத்துக்குக் குவியுமோ அதற்கும் மேலே கட்டி, கீழ்நோக்கிச் சாய்த்துவையுங்கள். மெல்லிய மரத்தில் கட்டினால் காற்றுக்கு மரமே ஆடி, காட்சி முழுவதும் நகர்ந்து, மறுபடியும் புல் படக் கதைதான். வடகோளத்தில் கேமரா வடக்கு நோக்கி இருந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்காது.

எல்லாம் முடிந்தபின் சோதனை நிலையில் வைத்துவிட்டு, மான் வரும் வழியில் மான் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் சின்ன விளக்கு மினுங்குகிறது, எங்கே மினுங்கவில்லை என்று தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முன் சுவிட்சைச் சோதனை நிலையிலிருந்து "ஆன்" நிலைக்குத் தள்ள மறக்க வேண்டாம். என்னுடைய இரண்டாவது கார்டில் ஒரு படம்கூட இல்லாமல் போனது அதனால்தான்.